ஞாயிறு ஆறு மணி ராஜினாமா

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு மைதானத்தின் சைரன் அலறத் தொடங்கியது.

பலெர்மோ துறைமுகத்தில் உடைத்து விற்கப்பட்ட ஒரு கப்பலிலிருந்து வாங்கி வந்த சைரன் அது. மைதானத்தை ஒட்டிய சியாகுல்லி மண்டரின் ஆரஞ்சுத் தோட்டங்களில் கிளை கழித்துக்கொண்டிருந்தவர்கள் ஏணிகளை விட்டு இறங்கினார்கள். நிர்வாகக் கட்டடத்திலிருந்து முதலில் ஓடி வந்தவர் பொது இயக்குநர் டொத்தோரே ஸ்கிரோ. கையில் சிவப்புத் தீயணைப்பு உருளை. அவருக்குப் பின்னால் நிர்வாகக் குழுவினர் ஏழு பேர். கடைசியாகத் தலைவர் கொம்மெந்தத்தோரே புச்செல்லாத்தோ, ஒரு காலில் மட்டும் சப்பாத்துடன்.

"எங்கே தீ?" என்றார் ஸ்கிரோ.

சைரன் பெட்டிக்குப் பக்கத்தில் தூசித் துணியோடு நின்றார் நகுலேஸ்வரன்.

"தீ ஒண்டும் இல்லை, சின்யோர். துடைக்கேக்கை கை பட்டிட்டுது."

எல்லோரும் அந்தப் பொத்தானைப் பார்த்தார்கள். அதன் கீழே பித்தளைத் தகட்டில், 'நம் அணி வெல்லும்போது அழுத்தவும்' என்று எழுதியிருந்தது. சைரன் வாங்கி ஆறு வருடமாகிறது. அதன் சத்தம் எப்படி இருக்கும் என்று அதுவரை ஒருவருக்கும் தெரியாது. அதனால்தான் தீ என்று நினைத்தார்கள். வெற்றி என்று ஒருவரும் நினைக்கவில்லை.

கழகத்தின் பெயர் வாள்மீன்கள். சம்பளத்துக்கு ஆடும் பேஸ்பால் அணி. சிசிலியில் வாள்மீனைப் பிடித்து, வெட்டி, எலுமிச்சை பிழிந்து சாப்பிடுவார்கள். இத்தாலியின் மற்ற அணிகளும் இந்த வாள்மீன்களை அப்படித்தான் செய்தன. ஏப்ரல் தொடங்கிச் செப்டம்பர் முடிய இருபத்தாறு ஞாயிற்றுக்கிழமைகளில் இருபத்தாறு ஆட்டங்கள். சைரன் அலறிய அன்று பத்தொன்பது முடிந்திருந்தன. பத்தொன்பதும் தோல்வி.

ஆனால் கழகம் சோர்ந்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. தோற்ற ஒவ்வொரு ஞாயிறும் மாலை ஆறு மணிக்குக் கௌரவ மண்டபத்தில் ஒருவர் பொறுப்பேற்று விலகுவார். இது கழகத்தின் மரபு. விலகுபவர் கழகத்துக்குச் சொந்தமான கருநீலக் கோட்டை அணிந்துகொள்ள வேண்டும். எல்லோருக்கும் ஒரே கோட்டுத்தான். உயரமானவருக்கு முழங்கை தெரியும், குள்ளமானவருக்கு விரல் தெரியாது. தடித்த கடதாசியில் எழுதிய விலகலை அவர் வாசிப்பார். 'மீளப் பெற முடியாதது' என்ற சொல் வரும் இடத்தில் பத்திரிகைக்காரர்கள் படம் எடுப்பார்கள். தலைவர் வாள்மீன் முத்திரையைக் குத்தி, விலகியவரைக் கட்டித் தழுவுவார். பிறகு ஸ்ஃபெர்ராகவால்லோ உணவகமொன்றிலிருந்து தட்டுத்தட்டாக வரும் வாள்மீன் சுருள்களை எல்லோரும் சாப்பிடுவார்கள். ஆட்டத்துக்கு வராதவர்கள்கூட ஆறு மணிக்கு வந்துவிடுவார்கள்.

பத்தொன்பது ஞாயிறுகளில் ஒன்பது பயிற்சியாளர்கள் விலகிவிட்டார்கள். இரண்டு வைத்தியர்கள், உடம்பு பிடித்துவிடுபவர், சமையற்காரர், பேருந்து ஓட்டுநர், நுழைவுச்சீட்டு விற்றவர், வாள்மீன் வேடம் போட்டு ஆடியவர் ஆகியோரும் போய்விட்டார்கள். மீதி மூன்று முறையும் தலைவரே மீளப் பெற முடியாதபடி விலகினார். ஒவ்வொரு முறையும் செவ்வாய்க்கிழமை கூடிய நிர்வாகக் குழு கண்ணீருடன் மன்றாடி அவரைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

சைரன் விவகாரத்தை விசாரிக்க அன்றே குழு கூடியது. நகுலேஸ்வரனை மேசையின் கடைசியில் நிறுத்தி வைத்தார்கள்.

"விசாரணைக்கு முன்பு ஒரு அவசர விஷயம்," என்றார் ஸ்கிரோ. "வரும் ஞாயிறு விலகுவதற்கு நம்மிடம் ஆள் இல்லை."

"இந்த மனிதர் யார்?" என்று கேட்டார் தலைவர்.

"மைதானத்துப் புல் வெட்டுபவர். எட்டு வருடமாக இருக்கிறார்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "எட்டு வருடமாக இந்தக் கழகத்தில் இருந்துகொண்டு ஒருமுறைகூட விலகவில்லையா?"

நகுலேஸ்வரன் தலை குனிந்தார்.

அன்று மதியம் அவரைத் தொழில்நுட்ப இயக்குநர் ஆக்கினார்கள். செயலாளர் சின்யோரா றொசாலியா இரண்டு பக்க ஒப்பந்தத்தை அச்சிட்டு, கணினியில் ஒரு பொத்தானைத் தட்டினாள். அந்த நிமிடமே அவருடைய நியமனம் அரசாங்கப் பதிவேட்டில் ஏறியது. கழகத்தில் ஒழுங்காக வேலை செய்த பொருள் அந்தக் கணினி ஒன்றுதான்.

நகுலேஸ்வரன் ஒப்பந்தத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். புல் வெட்டும் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிய இருந்தது. செப்டம்பர் கடைசித் திங்கள், காலை ஒன்பது பன்னிரண்டுக்கு, பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவுக்கு வரும்படி கடிதம் வந்திருந்தது. நடப்பிலுள்ள வேலை ஒப்பந்தம் கையில் இருக்க வேண்டும். மனைவி சந்திரமதிக்கு இரண்டு வீடுகளில் சில மணித்தியால வேலைதான். அதைக் காட்டிக் கடதாசி எடுக்க முடியாது. அவருடைய கடதாசியில்தான் குடும்பம் தொங்கியது.

"டிரெக்டரோ?" என்றாள் சந்திரமதி, வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் உள்ள அவர்களுடைய மூன்றாம் மாடி வீட்டில். "அப்ப புல்லு ஆர் வெட்டுறது?"

"அதுவும் நான்தான்."

"பிறகென்ன டிரெக்டர்? மெஷினிலை ஏறி இருந்து வெட்டலாமோ?"

"தள்ளுற மெஷின்தான்."

"அப்ப சப்பாத்தை வெளியிலை கழட்டிப்போட்டு வாங்கோ, டிரெக்டர். இப்பத்தான் கூட்டினனான்."

அந்த ஞாயிறு வாள்மீன்கள் பதினேழுக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்றார்கள். அந்த ஒரு ஓட்டம் எப்படி வந்தது என்று ஆராய ஒரு உபகுழு அமைக்கப்பட்டது. ஐந்தே முக்காலுக்கு ஸ்கிரோ கருநீலக் கோட்டோடு வந்தார்.

"என்னத்துக்கு சின்யோர்? நான் புல்லுத்தானே வெட்டினனான்? கோடு போட்டனான். தோட்டத்துக்கை விழுந்த பந்துகளைப் பொறுக்கினனான். இதிலை என்ரை பிழை எது?"

கோட்டின் கையை மடித்துவிட்டுக்கொண்டே சின்யோரா றொசாலியா அவருடைய காதில் சொன்னாள்: "உன்னிடம் ஒரு பிழையும் இல்லை. பிழை செய்தவர்கள் விலகுவதென்றால் இந்தக் கட்டடத்துக்கு இன்றைக்கே பூட்டுப் போட வேண்டும்."

தலைவர் மேடையேறினார்.

"நண்பர்களே, தோல்வி எங்களுக்குப் புதிதல்ல. ஆனால் ஒவ்வொரு தோல்வியையும் நாங்கள் புதிதாகவே சந்திக்கிறோம். எதிரணி எங்களைவிட நன்றாக விளையாடியது என்று சிலர் எழுதுகிறார்கள். அது ஆதாரமற்ற வதந்தி. நாங்கள்தான் அவர்களைவிட மோசமாக விளையாடினோம். இந்த முயற்சியில் யாருடைய உதவியும் எங்களுக்குத் தேவைப்படவில்லை. பொறுப்பு என்பது இந்தக் கழகத்தில் ஒருநாளும் அநாதையாக நின்றதில்லை. அதை யாராவது ஒருவர் தலையில் நாங்கள் எப்போதும் வைத்திருக்கிறோம். நானும் மூன்று முறை விலகியவன். அந்த வலி எனக்குத் தெரியும்."

நகுலேஸ்வரன் எழுத்துக் கூட்டி வாசித்தார். முத்திரை விழுந்தது. தலைவருடைய தழுவலில் அவருடைய மூக்கு கோட்டுப் பொத்தானில் அழுந்தியது. "நீ எங்கள் இதயத்தில் இருப்பாய், நாகுலோ," என்றார் தலைவர். அவருடைய பெயரில் மூன்றெழுத்தை மட்டுமே அந்தக் கழகத்துக்கு நினைவிருந்தது.

வேலை போய்விட்டது என்று வீட்டில் சொல்ல நகுலேஸ்வரனுக்கு வாய் வரவில்லை. திங்கள் முழுவதும் கடற்கரையில் நடந்தார். செவ்வாய் காலை சின்யோரா றொசாலியா தொலைபேசியில் அழைத்தாள்.

"எங்கே இருக்கிறாய்? புல் வளர்ந்துவிட்டது. குழு உன்னை வியூக இயக்குநராக நியமித்திருக்கிறது. வந்து கையெழுத்துப் போடு."

அப்படித்தான் அந்த வழக்கம் தொடங்கியது. செவ்வாய் நியமனம், ஞாயிறு விலகல், திங்கள் கடற்கரை. வியூகத்துக்குப் பிறகு அவர் மனநல இயக்குநர் ஆனார். வீரர்கள் மனம் உடைந்து தோற்றதற்காக அந்த வாரம் விலகினார். பிறகு காற்று இயக்குநர். ஆபிரிக்காவிலிருந்து வரும் சிரொக்கோ வெப்பக் காற்றை ஞாயிறு மூன்று மணிக்குள் நிறுத்தத் தவறியதற்காக அந்தப் பதவியும் போனது. ஐந்தாவது வாரம் வரலாற்று இயக்குநர் ஆக்கி, அவர் யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில் கழகம் தோற்ற தோல்விகளுக்கும் சேர்த்துப் பொறுப்பேற்க வைத்தார்கள். ஆறாவது, ஒழுக்க இயக்குநர். அந்த வாரம் பத்திரிகையில் அவருடைய படம் வந்தது. சந்திரமதி அதை வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினாள். கீழே எழுதியிருந்த இத்தாலிய வரியை அவள் வாசிக்கவில்லை. மகள் கேசிகா வேலை விஷயமாகக் கத்தானியாவுக்குப் போயிருந்தாள்; அடுத்த ஞாயிறுதான் வீடு திரும்பினாள்.

ஒவ்வொரு பதவிக்கும் இருநூறு முகவரி அட்டைகள் அடித்துக் கொடுத்தார்கள். புல் வெட்டும் இயந்திரத்தின் பெட்ரோல் மூடி இறுகாமல் இருந்ததால் நகுலேஸ்வரன் அவற்றை மடித்துச் செருகப் பயன்படுத்தினார்.

ஏழாவது செவ்வாய் அவரை வருங்கால இயக்குநர் ஆக்கினார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுச் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தபோதுதான் அவருக்கு உறைத்தது. ஞாயிறு கடைசி ஆட்டம். மறுநாள் திங்கள் குவெஸ்தூரா. ஞாயிறு ஆறு மணிக்கு விலகினால், திங்கள் காலை ஒன்பது பன்னிரண்டுக்கு அவருக்கு வேலை இருக்காது.

ஸ்கிரோவின் அறைக்குப் போனார்.

"சின்யோர், இந்த முறை மட்டும் என்ரை விலகலைச் செவ்வாய்க்கு மாத்தேலாதோ?"

"விலகல் ஞாயிறு ஆறு மணிக்குத்தான். மீன் சுருள்கள் ஆறரைக்கு வந்துவிடும்."

"அப்ப நியமனத்தைத் திங்கள் விடிய வைக்கலாமோ?"

"குழு செவ்வாயில்தான் கூடும். கழகத்தை நிறுவியவர் திங்கட்கிழமைகளில் சவரம் செய்துகொள்வார். அது மரபு."

"வேறை ஆராவது விலகினால்?"

ஸ்கிரோ எழுந்து ஜன்னலைச் சாத்தினார். "நாகுலோ, நான் இருபத்திரண்டு வருடமாக இங்கே இருக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் விலகிவிட்டால், விலகல்களை யார் ஒழுங்கு செய்வது?"

ஆக ஒரே வழிதான் மிச்சம். அணி வெல்ல வேண்டும்.

உடை மாற்றும் அறையில் பந்து எறியும் இஞ்ஞாத்சியோ காலை நீட்டிக்கொண்டு கிடந்தான். நகுலேஸ்வரன் அவனிடம் விஷயத்தைச் சொன்னார்.

"வெல்லவா?" அவன் எழுந்து உட்கார்ந்தான். "இதை யாராவது சொல்லியிருக்கிறார்களா பாருங்கள்," என்று மற்றவர்களைக் கேட்டான். ஒருவரும் கேள்விப்படவில்லை. "ஆறு வருடமாகிறது, நாகுலோ மாமா. யார் விலகப் போகிறார்கள் என்று எங்களிடம் பந்தயம் கட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். வெல்லச் சொல்லி இதுதான் முதல் தடவை."

"ஏலுமோ?"

"எங்கள் கால் மெதுவானது. வடக்கிலிருந்து வருகிறவர்கள் எல்லாப் பந்தையும் இடது பக்கம்தான் அடிப்பார்கள். பந்து மண்டரின் தோட்டத்துக்குள் போன பிறகுதான் நாங்கள் போய்ச் சேர்வோம்."

இது நகுலேஸ்வரனுக்குத் தெரிந்த விஷயம். எட்டு வருடமாக அந்தப் பந்துகளைப் பொறுக்கியவர் அவர். எந்த மரத்தடியில் எத்தனை விழும் என்றுகூடச் சொல்வார். அவர் வெளியே போய் இடது பக்கத்தைப் பார்த்தார். பிறகு அந்த வாரம் முழுவதும் மைதானத்தின் வலது பக்கப் புல்லை மட்டும் வெட்டினார். இடது பக்கத்துக்கு இரவும் பகலும் தண்ணீர் விட்டார். ஞாயிற்றுக்கிழமை அங்கே புல் கணுக்காலுக்கு மேல் நின்றது.

ஆட்டம் தொடங்கியது. வடக்கு அணி அடித்த பந்துகள் இடது பக்கம் பறந்து, புல்லில் விழுந்து, அங்கேயே நின்றன. வாள்மீன்கள் நடந்து போய் எடுத்து எறிந்தார்கள். எட்டு இன்னிங்ஸ் முடிந்தபோது வாள்மீன்கள் மூன்று, எதிரணி இரண்டு.

பார்வையாளர்கள் இருநூறு பேரும் எழுந்து நின்றார்கள். கௌரவ விருந்தினர் பகுதியில் வேறு விதமான பரபரப்பு.

"இது என்ன?" என்றார் தலைவர். தோல்வி உரை அவருடைய கையில் சுருண்டிருந்தது.

"முன்னணியில் இருக்கிறோம், கொம்மெந்தத்தோரே," என்றார் ஸ்கிரோ. அவருடைய நெற்றி வியர்த்திருந்தது. அவர் சின்யோரா றொசாலியா பக்கம் திரும்பினார். "வென்றால் யார் விலகுவது?"

அவள் கழகத்தின் யாப்பு விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். தோல்விக்கு நாற்பத்தொரு பிரிவுகள் இருந்தன. வெற்றி என்ற சொல் பின்னட்டையில் அச்சகத்தின் பெயராக மட்டும் இருந்தது.

"அப்படியானால் நிறுத்துங்கள்."

"எதை?"

"ஏதாவது ஒன்றை."

சைரனை அழுத்திவிடலாம் என்று ஒரு குழு உறுப்பினர் ஆசையாகச் சொன்னார். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமைச் சம்பவத்துக்குப் பிறகு, இப்படியொரு அசம்பாவிதம் இனி நடக்கக்கூடாது என்று தீர்மானம் போட்டு அதன் கம்பியை வெட்டியிருந்தார்கள்.

கடைசி இன்னிங்ஸ். எதிரணியில் இருவர் ஆட்டமிழந்துவிட்டார்கள். இன்னும் ஒருவர் போனால் முடிந்தது. இரண்டு பேர் ஓடத் தயாராக நின்றார்கள். வடக்கத்தி ஆள் ஒருவன் அடித்த பந்து இடது பக்கம் உயர்ந்து, மெதுவாக இறங்கிப் புல்லுக்குள் விழுந்தது. வாள்மீன் வீரன் அங்கே போனான். குனிந்தான். நிமிர்ந்தான். மறுபடியும் குனிந்தான். பிறகு முழங்காலில் இருந்து இரண்டு கையாலும் புல்லை விலக்கித் தேடினான். இன்னும் இருவர் வந்து தேடினார்கள். அதற்குள் எதிரணியில் மூவர் சுற்றி ஓடி முடித்துவிட்டார்கள். அடித்தவன் கடைசிப் பாதியை நடந்தே வந்தான்.

ஐந்துக்கு மூன்று. வாள்மீன்களுக்கு இன்னும் ஒரு முறை மட்டை பிடிக்கும் வாய்ப்பு இருந்தது. பழக்கம் விடவில்லை, நான்கு நிமிடத்தில் மூன்று பேரும் ஆட்டமிழந்தார்கள்.

கௌரவ விருந்தினர் பகுதியில் எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். தலைவர் உரையை நீவி நேராக்கினார்.

ஆறு மணிக்கு நகுலேஸ்வரன் கருநீலக் கோட்டோடு மேடையில் நின்றார். கையில் இருந்த கடதாசியில் 'வருங்காலத்தைக் கணிக்கத் தவறியதால்' என்று எழுதியிருந்தது. அவர் அதை வாசிக்கவில்லை.

"இவ்வளவு நாளும் எழுதித் தந்ததை வாசிச்சனான்," என்றார். "இண்டைக்கு உண்மையாவே என்ரை பிழை. புல்லை நான்தான் வெட்டாமல் விட்டனான். பந்து அதுக்கைதான் துலைஞ்சது. பெடியள் நல்லாத்தான் விளையாடினவங்கள்."

எழுதிக்கொண்டிருந்த பத்திரிகைக்காரர் பேனாவை நிறுத்தினார். பின்வரிசையில் ஒருவர் இருமினார். ஒருவரும் படம் எடுக்கவில்லை.

ஸ்கிரோ விரைந்து வந்து அவருடைய முழங்கையைப் பிடித்தார். "என்ன செய்கிறாய்? உண்மையான காரணத்தை இங்கே சொல்வதில்லை. உனக்கு முன்பு விலகியவர்களை நினைத்துப் பார்."

"நடந்தது அதுதானே, சின்யோர்."

"நடந்ததை நடவடிக்கைக் குறிப்பில் எழுத முடியாது. இன்று காரணம் ஈரப்பதம்."

ஈரப்பதம் என்று எழுதப்பட்டது. முத்திரை விழுந்தது. தலைவர் அந்த முறை தழுவவில்லை. தூர நின்று தோளை மட்டும் தட்டினார். மீன் சுருள்கள் வந்தன. நகுலேஸ்வரன் சாப்பிடாமல் பேருந்து ஏறினார்.

வீட்டில் சாப்பாட்டு மேசை முழுவதும் கடதாசிகள். கேசிகா வியா மக்வேதா பக்கத்தில் உள்ள பத்ரொனாத்தோ ஒன்றில், அதாவது ஆட்களுக்கு அரசாங்கப் படிவங்கள் நிரப்பிக் கொடுக்கும் அலுவலகத்தில், வேலை பார்த்தாள். நாளைக்குரிய கோப்பை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, கொன்ட்ராத்தோ எங்கை? கடைசியாத் தந்த ஒப்பந்தத்தை எடுங்கோ."

நகுலேஸ்வரன் கதிரையில் இருந்தார். "கொன்ட்ராத்தோ இருக்கு. வேலை இல்லை."

சந்திரமதி அடுப்பை நிறுத்திவிட்டு வந்தாள். "என்ன சொல்லுறியள்?"

ஏழு வாரத்துக் கதையும் வெளியே வந்தது. நியமனங்கள், கோட்டு, முத்திரை, தழுவல், திங்கட்கிழமைக் கடற்கரை. சந்திரமதி குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த படத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப உது பதவி குடுத்த படம் இல்லையோ?"

"பறிச்ச படம்."

"நான் கோயிலிலை எல்லாருக்கும் காட்டினனான். கீழ்வீட்டு றஞ்சித்தின்ரை மனுசி சுவீற் கேட்டவ. பயித்தம் பணியாரம் சுட்டுக் குடுத்தனான்." அவள் தலையில் கை வைத்துக்கொண்டு அமர்ந்தாள். "ஏழு முறை வேலையாலை நிப்பாட்டி இருக்கினம். ஒருக்காக்கூட வாய் திறக்கேல்லை. திங்கக்கிழமையிலை ஏன் சப்பாத்திலை மண் எண்டு கேட்டால், மீற்றிங் எண்டியள்."

"நாளைக்கு என்ன சொல்லுறது எண்டு யோசிப்பம்," என்றார் நகுலேஸ்வரன். "பொய் சொல்லேலாது. விலகின கடதாசி அவையிட்டை இருக்கு."

கேசிகா கோப்பை அடுக்குவதை நிறுத்தினாள். "அப்பா, எப்பிடி விலகினீங்கள்?"

"சொன்னனே பிள்ளை. வாசிச்சனான். சீல் குத்தினவை. கட்டிப் பிடிச்சவர்."

"ஓன்லைன்ல போட்டீங்களோ?"

"என்னத்தை?"

"அலோரா, அதாவது, தொழில் அமைச்சின்ரை சைட்டுக்குப் போய், உங்கடை ஐ.டி.யாலை லொகின் பண்ணி, விலகுறன் எண்டு அழுத்தினீங்களோ?"

"கோட்டுப் போட்டனான். அவ்வளவுதான்."

கேசிகா சிரிக்கத் தொடங்கினாள். சந்திரமதி அவளுடைய முதுகில் ஒன்று வைத்தாள். "இஞ்சை வீடு பத்தி எரியுது, நீ பல்லைக் காட்டுறாய்."

"அம்மா, அப்பா விலகேல்லை. இந்த நாட்டிலை வேலையை விடுறதெண்டால் சைட்டிலை பதியோணும். கடதாசியிலை எழுதிப் போட்டு வந்தால் சட்டத்திலை அது செல்லாது. நான் அலுவலகத்திலை ஒவ்வொரு நாளும் செய்யிற வேலை இதுதான்." அவள் மடிக்கணினியைத் திறந்து, அப்பாவின் பெயரைப் போட்டு, திரையைத் திருப்பினாள். ஏழு வரிகள். ஏழு நியமனங்கள். முடிந்த திகதி என்ற இடத்தில் ஏழுக்கும் வெறுமை.

நகுலேஸ்வரன் கண்ணாடியைப் போட்டு ஒவ்வொன்றாக வாசித்தார். "காற்றும் என்னட்டைத்தான் இருக்கோ?"

"ஓம் அப்பா. காற்று, வரலாறு, ஒழுக்கம், வருங்காலம், எல்லாம் உங்களிட்டைத்தான். ஒண்டும் உங்களை விட்டுப் போகேல்லை."

"அப்ப அவ்வளவு பெரிய ஆக்கள், மேடை போட்டு, பத்திரிகையைக் கூப்பிட்டு..."

"அதுக்குச் சட்டத்திலை பேர் இல்லை, அப்பா."

மறுநாள் ஒன்பது பன்னிரண்டுக்குக் குவெஸ்தூராவின் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அதிகாரி ஏழு ஒப்பந்தங்களையும் புரட்டினாள். 'காற்று இயக்குநர்' என்ற இடத்தில் நிறுத்தி, அவருடைய கையைப் பார்த்தாள். புல் சாறு ஏறிய நகங்கள்.

"இதில் எது உங்கள் வேலை?"

"புல்லு வெட்டுறது."

அவள் தலையசைத்து, விரல் அடையாளம் எடுத்துக்கொண்டு, ரசீதில் முத்திரை குத்திக் கொடுத்தாள். அது சின்ன முத்திரை. யாரும் தழுவவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை நகுலேஸ்வரன் மைதானத்துக்குப் போய் இடது பக்கப் புல்லை வெட்டத் தொடங்கினார். மூன்றாவது சுற்றில் இயந்திரம் ஏதோ கடினமான பொருளில் தட்டி நின்றது. பந்து. அவர் அதைத் துடைத்துச் சட்டைப் பையில் போடும்போது ஸ்கிரோ வந்துகொண்டிருந்தார்.

"நீ ஏன் இங்கே நிற்கிறாய்? குழு இன்று உன்னை நியமிக்கவில்லை. பருவம் முடிந்துவிட்டது. அத்தோடு ஞாயிறு நீ நடந்துகொண்ட விதம் யாருக்கும் பிடிக்கவில்லை. நீ விலகியவன்."

"விலகேல்லை, சின்யோர்," என்றார் நகுலேஸ்வரன். மகள் அச்சிட்டுக் கொடுத்த தாளை நீட்டினார்.

ஸ்கிரோ அதை வாசித்தார். மறுபடியும் வாசித்தார். பிறகு நகுலேஸ்வரனைக் கையில் பிடித்து நேராகக் குழு அறைக்கு அழைத்துப் போனார்.

தாள் மேசையைச் சுற்றியது. ஒரு உறுப்பினர் மெதுவாகக் கேட்டார்: "அப்படியானால் அந்த ஒன்பது பயிற்சியாளர்கள்?"

"அவை கடதாசியிலைதான் எழுதினவை எண்டால், அவையும் விலகேல்லை."

"பேருந்து ஓட்டுநர்?"

"அவரும்தான்."

தலைவர் கையை உயர்த்தினார். "எல்லோரும் வெளியே போங்கள். நாகுலோ மட்டும் இருக்கட்டும்."

கடைசி ஆள் போனதும் அவரே எழுந்து கதவைச் சாத்தினார். சுவரில் அவருடைய மூன்று விலகல்களும் பொன்னிறச் சட்டத்துக்குள் தொங்கின. அவர் அவற்றைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நானும் கடதாசியில்தான் எழுதினேன். அந்த மூன்று முறையும்?"

"நீங்களும் விலகேல்லை, சின்யோர். ஒருநாளும்."

தலைவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். நகுலேஸ்வரனுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, எட்டு வருடத்தில் முதல்முறையாக அவரை உட்காரச் சொன்னார். பிறகு கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"ஏழு பதவியையும் நீயே வைத்துக்கொள், நாகுலோ. உண்மையாக விலகுவது எப்படி என்பதை மட்டும் இந்தக் கட்டடத்தில் யாருக்கும் சொல்லிக் கொடுத்துவிடாதே."